கடல் கடந்தால் சாதி கரையுமா? புலம்பெயர்தலும் தனிமனித விடுதலையும்

தனிமனித விடுதலையை நாடிச் சொந்த நாட்டைவிட்டு வெளியேறுவதும், எந்த நாட்டிலும் நிலையாகக் குடியமராமல் பயணித்துக்கொண்டே வாழ்வதும் இன்று கல்லூரி வளாகங்களில் ஒரு கனவாகப் பேசப்படுகின்றன. மேற்குலகில் இக்கனவுக்குச் சொல்லப்படும் காரணங்கள் வரிச்சுமை, அரசின் தலையீடு, வாழ்க்கைச் செலவு ஆகியவை. நமக்கோ விடுதலை என்னும் சொல்லின் முதற்பொருள் சாதியிலிருந்து விடுதலை என்பதே. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. யாரால் வெளியேற முடிந்தது? வெளியேறியவர்களை விட்டுச் சாதி நீங்கியதா? வெளியேற விரும்பும் தலித் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டங்கள் எவை? மயிலாப்பூர், இராயப்பேட்டை, அடையாறு ஆகிய சென்னைப் பகுதிகளின் வரலாற்றைக் கொண்டே இவற்றுக்கு விடை தேட முடியும்.

கப்பலேறிய முதல் தலைமுறையினர்

தமிழகத்திலிருந்து கடல் கடந்தவர்கள் என்றதும் பொறியாளர்களையும் மருத்துவர்களையும் நினைப்பது பொதுப்புத்தியின் பழக்கம். உண்மையில் பெருந்திரளாக முதலில் கப்பலேறியவர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் கணிசமானோர். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைமுறைக்கான சட்ட ஆதரவை நீக்கியபோதும், பண்ணையடிமைத்தனம் ஊர்களில் தொடர்ந்தது. மொரீசியஸ், இலங்கை, பர்மா, மலாயா, நேட்டால் ஆகிய இடங்களின் தோட்டங்களும் துறைமுகங்களும் அதிலிருந்து தப்பும் வழியாக அமைந்தன. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளுடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அக்காலப் பயணிகள் பட்டியல்களில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றுடன் சாதியும் பதியப்பட்டது. ஊரைவிட்டு வெளியேறியவரின் சாதி, ஏட்டின் வழியாக அவருக்கு முன்பே கரையேறியிருந்தது.

ஒப்பந்தக் கூலிமுறை கொடியது. அதை விடுதலை என்று நாம் அழகுபடுத்தக் கூடாது. ஆயினும் ஆண்டையின் நிலத்தைவிட்டு நகரவே முடியாதவருக்கு, ஆண்டுக்கணக்கு குறிக்கப்பட்ட ஒப்பந்தம்கூட ஒரு திறப்பாக இருந்தது. ரங்கூனில் வணிகம் செய்து உயர்ந்த பெ.மா. மதுரைப் பிள்ளை போன்றோர் அத்திறப்பினூடே உருவான தலித் செல்வந்தர்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907 சூன் 19 அன்று இராயப்பேட்டையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழும் அவர் கட்டிய பௌத்த இயக்கமும் கோலார் தங்கவயல், பர்மா, தென்னாப்பிரிக்கா எனப் பரவியதற்கு இந்தப் புலம்பெயர்வே அடித்தளம்.

அயோத்திதாசரின் வாழ்விலும் ஒரு கடற்பயணமே திருப்புமுனை. அடையாறு பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் 1898இல் கொழும்பு சென்று, சுமங்கல மகாதேரரிடம் அவர் பௌத்தம் தழுவினார். அங்கேயே தங்கிவிடாமல் திரும்பிவந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைக் கட்டினார். 'பறையன்' இதழை 1893இல் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனின் பாதையும் இத்தகையதே. 1900இல் நாட்டைவிட்டுச் சென்ற அவர், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921இல் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். 1930இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோரின் குரலாக அமர்ந்தார். நம் முன்னோடிகளுக்கு அயல்நாடு அடைக்கலமாக மட்டும் இருக்கவில்லை. அங்கே பெற்ற வலிமையுடன் அவர்கள் ஊர் திரும்பினார்கள்.

அம்பேத்கரின் சான்று

அயல்நாட்டு விடுதலை எவ்வளவு உண்மையானது, எவ்வளவு நிலையற்றது என்பதற்கு அண்ணலின் வாழ்வே சான்று. பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையுடன் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், பின்னர் இலண்டனிலும் பயின்று 1917இல் திரும்பினார். அயல்நாட்டில் கழித்த ஆண்டுகள் தாம் தீண்டத்தகாதவர் என்னும் உணர்வையே தம்மிடமிருந்து துடைத்துவிட்டதாக 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் தன்வரலாற்றுக் குறிப்பில் அவர் எழுதியுள்ளார். பரோடா இரயில் நிலையத்தில் இறங்கியதும், எங்கே தங்குவது என்னும் கேள்வி அவ்வுணர்வை மீண்டும் எழுப்பியது. பார்சி விடுதி ஒன்றில் தங்கிய அவரைத் தடியேந்திய கும்பல் வெளியேற்றியது. சொந்த நாட்டில் குடியிருக்க இடமற்றவரின் கதைக்கு 'விசா' என்னும் சொல்லைத் தலைப்பாகத் தேர்ந்ததில் ஆழ்ந்த அரசியல் உள்ளது. தலித்துக்கு ஊரும் சேரியும் இரு நாடுகள். ஊருக்குள் நுழையவே அவருக்கு அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது.

மயிலாப்பூரிலிருந்து அமெரிக்காவுக்கு

இதே காலத்தில் பார்ப்பனச் சமூகத்துக்குக் கடல் கடப்பது பாவமாக இருந்தது. கணித மேதை இராமானுஜன் 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறுவதற்கு முன் அந்தத் தடையைக் கடக்க வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்குள் அந்தப் பாவம் குடும்பப் பெருமையாக மாறியது. மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு ஆகிய பகுதிகளின் பார்ப்பனக் குடும்பங்களில் அமெரிக்காவில் ஒரு பிள்ளையேனும் இருப்பது வழக்கமாயிற்று.

இந்த வெளியேற்றத்துக்கு ஒரு கதை கற்பிக்கப்பட்டுள்ளது: இடஒதுக்கீடு தங்களைத் துரத்தியது, தகுதிக்கு மதிப்பளிக்கும் நாட்டில் விடுதலை பெற்றோம் என்பதே அது. தமிழகத்தின் வகுப்புவாரி ஒதுக்கீடு சிலரது முடிவுகளைப் பாதித்திருக்கலாம். ஆனால் வாசலைத் திறந்தது 1965ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம். அது நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கி, தொழில்திறன் பெற்றோருக்கு இடமளித்தது. அத்திறனை வழங்கியவற்றுள் முதன்மையானது, அடையாற்றை ஒட்டி 1959இல் மக்கள் வரிப்பணத்தில் எழுப்பப்பட்ட சென்னை ஐ.ஐ.டி. அங்கு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு 1973இல்தான் வந்தது. அதுவரை கதவு மூடியிருந்தது யாருக்கு என்பதை விளக்கத் தேவையில்லை. சாதிவழி வந்த மூலதனம் எவ்வாறு 'தகுதி' என்னும் பெயரைச் சூடிக்கொண்டது என்பதை, இதே நிறுவனத்தை ஆய்வுக்களமாகக் கொண்டு அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியான தம் நூலில் விரிவாக நிறுவியுள்ளார்.

சாதியும் உடன் பயணித்தது

இரண்டு தலைமுறைகளுக்குப் பின் தலித் பொறியாளர்களும் அதே நாடுகளுக்குச் சென்றபோது, சாதி அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தது. 2020இல் கலிபோர்னியா மாநில அரசு அமைப்பு, சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு உள்ளானதாகக் குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுத்தது. குற்றஞ்சாட்டப்பட்ட மேலாளர்கள் இருவர் மீதான வழக்கு 2023இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 21 அன்று, சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமாயிற்று சியாட்டில். கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய எஸ்.பி. 403 மசோதாவையோ ஆளுநர் அக்டோபரில் இரத்து செய்தார். பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்கும் பணியை அரசு 2018இல் கைவிட்டது.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய அடிப்படை ஒன்று உண்டு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்தியாவில் மட்டுமே செல்லும். சாதி எல்லை கடக்கிறது, பாதுகாப்பு கடப்பதில்லை. ஆகவே செல்லும் நாட்டில், நகரத்தில், பல்கலைக்கழகத்தில் பாகுபாட்டுக்கு எதிரான விதிகளில் சாதி இடம்பெற்றுள்ளதா என்பதை முன்கூட்டியே அறிய வேண்டும். அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இலும் அவ்வாறு சேர்த்துள்ளன.

அறிந்திருக்க வேண்டிய சட்டங்கள்

வெளிநாடு செல்லும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் கூறில் அடங்கும் என்பதை உச்ச நீதிமன்றம் 1967இல் சத்வந்த் சிங் வழக்கிலும் 1978இல் மேனகா காந்தி வழக்கிலும் உறுதிசெய்தது. நடைமுறையில் இவ்வுரிமை சில இடங்களில் முட்டி நிற்கிறது.

முதலாவது, குற்ற வழக்கு. 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி, நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் கடவுச்சீட்டு மறுக்கப்படலாம். வன்கொடுமைப் புகார் அளித்தவர் மீதே எதிர்வழக்குப் புனையும் வழக்கமுள்ள நம் சூழலில் இதன் பொருள் பாரதூரமானது. ஆனால் முதல் தகவல் அறிக்கை மட்டும் இருப்பது நிலுவை வழக்காகாது. நீதிமன்றம் அவ்வழக்கைக் கவனத்தில் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போதும்கூட, 1993 ஆகஸ்டு 25 நாளிட்ட அறிவிக்கையின்படி உரிய நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். களத்தில் நிற்கும் தோழர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

இரண்டாவது, படிப்பு. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில் 'குடியகல்வு அனுமதி தேவை' என்னும் குறிப்பு இடம்பெறும். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். இது பாதுகாப்புக்கான ஏற்பாடு. பதிவுபெற்ற முகவர் ஒருவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு கட்டணம் பெறக் கூடாது.

மூன்றாவது, உதவித்தொகை. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்திட்டத்தில் ஆண்டுக்கு 125 இடங்களே உள்ளன. அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 8 இலட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022இல் திருத்தப்பட்ட விதிகள் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளை இத்திட்டத்திலிருந்து விலக்கின. சாதியைப் பற்றி அயல்நாட்டில் ஆய்வு செய்ய விரும்பும் தலித் மாணவருக்கு வாசல் இவ்வாறு அடைக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு தனியே வழங்கும் அயல்நாட்டுக் கல்வி உதவி ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை உள்ளது. ஆதிதிராவிடர் நலத்துறையில் விண்ணப்பிக்கலாம்.

நான்காவது, குடியுரிமை. 2022இல் மட்டும் 2,25,620 இந்தியர்கள் குடியுரிமையைத் துறந்தனர். இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை. ஓ.சி.ஐ. அட்டை பெற்றவருக்கு வாக்குரிமை இல்லை. வேளாண் நிலம் வாங்க முடியாது. 2021 மார்ச் அறிவிக்கைப்படி ஆய்வுக்கும் இதழியல் பணிக்கும் தனி அனுமதி தேவை. எங்கும் வேரூன்றாமல் பயணித்து வாழ்வதற்கான விசாக்களோ வருமானத்தை அளவுகோலாகக் கொண்டவை. போர்ச்சுக்கல் 2022இல் அறிமுகப்படுத்திய விசா, அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் நான்கு மடங்கு மாத வருவாயைக் கோருகிறது.

விரும்பாத பயணிகள்

நிரந்தரப் பயணியாக வாழ்வது விருப்பத் தேர்வாகப் பேசப்படும் இதே நகரில், விருப்பமின்றியே பயணிகளாக்கப்பட்டோர் உள்ளனர். மத்திய, தென் சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் தலைமுறைகளாக வாழ்ந்த உழைக்கும் மக்கள், அவர்களுள் பெருந்தொகையான தலித்துகள், 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும் பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டனர். 2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து உயிர்நீத்தார். இந்தியாவின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை 19ஆம் கூறு வழங்குகிறது. அவர்கள் கேட்டது கடவுச்சீட்டை அன்று, பிறந்த தெருவில் தங்கும் உரிமையை.

ஆகவே செல்லும் உரிமையையும் தங்கும் உரிமையையும் நாம் பிரித்துப் பார்க்க இயலாது. தலித் மாணவர் ஒருவர் அயல்நாடு செல்வதை ஓடிப்போதல் என்று இழித்துரைப்பது, அவரைச் சேரியிலேயே இருத்திவைக்க விரும்பும் மனநிலைக்குத் துணைபோவதாகும். அவர் செல்லட்டும், உதவித்தொகை இடங்களைப் பெருக்கவும், செல்லும் நாடுகளின் சட்டங்களில் சாதியைச் சேர்க்கவும் நாம் போராடுவோம். திரும்புவதும் திரும்பாததும் அவரது உரிமை. திரும்பிவரும்போது தங்குவதற்கு வீடு தேடி அலையாத ஊரை உருவாக்குவது இங்கிருக்கும் நம் கடமை.