பெயர் பறிகொடுத்த நட்சத்திரம்

ஆள்மாறாட்டத்தை நம்பி எழுதப்பட்ட நாவல்கள் தமிழில் ஏராளம். ஜமீன்தாரின் மகன் ஏழை வீட்டில் வளர்வான். அவனுடைய பெயரையும் சொத்தையும் வேறொருவன் அனுபவித்துக்கொண்டிருப்பான். கடைசி அத்தியாயத்தில் ஒரு கிழவி வந்து உண்மையைச் சொல்வாள். "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இந்த ஆள்மாறாட்டம் நடந்த இடம் நம்முடைய கல்லீரல். உண்மை வெளிவர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது.

கதாநாயகனுக்கு முன்னால் அவன் காவல் காக்கும் பொக்கிஷத்தைப் பார்த்துவிடலாம். பொழுது சாய்ந்ததும் கண் தெரியாமல் தடுமாறும் மாலைக்கண் நோய்க்கு ஈரலைத் தின்னச் சொல்வது மிகப் பழைய வைத்தியம். ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்களில் ஒன்று, மாட்டு ஈரலைப் பச்சையாகத் தேனில் தோய்த்து உண்ணச் சொல்கிறது. ஏன் குணமாகிறது என்று அந்த வைத்தியர்கள் அறியமாட்டார்கள். குணமாவதைக் கண்டார்கள், எழுதி வைத்தார்கள்.

அதே ஈரல் ஆளைப் படுக்கையிலும் தள்ளும். 1597-இல் பாரன்ட்ஸ் என்பவருடன் சென்ற டச்சு மாலுமிகள் வட துருவத்தை அடுத்த நோவாயா ஸெம்லியா தீவில் பனியிடையே சிக்கிக் கிடந்தார்கள். ஒரு வெண்கரடியைக் கொன்று, அதன் ஈரலைச் சமைத்துத் தின்றார்கள். ருசியாகத்தான் இருந்ததாம். ஆனால் தின்றவர்கள் நோயில் விழுந்தார்கள். மூன்று பேருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை தோல் உரிந்து வந்தது. பிழைத்தது மறுபிறப்பு. உடனிருந்த ஹெரிட் டி வேர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். கரடியின் ஈரலில் இருந்த நஞ்சு எது என்பதை 1943-இல்தான் ரோடால், மூர் என்ற இரு விஞ்ஞானிகள் சோதித்துச் சொன்னார்கள். அது நஞ்சே இல்லை. மாலைக்கண்ணைத் தீர்க்கிற அதே வைட்டமின் ஏ, அளவுக்கு மீறி இருந்தது.

இந்த வைட்டமின் இருப்பதற்கு முதல் தடயம் 1913-இல் அமெரிக்காவில் கிடைத்தது. வெண்ணெயிலும் முட்டைக் கருவிலும் உள்ள ஏதோ ஒன்று இல்லாமல் எலிக்குட்டிகள் வளர்வதில்லை என்று மெக்கல்லமும் மார்கெரிட் டேவிஸ் என்ற பெண்மணியும் கண்டார்கள். கீரையிலும் காரட்டிலும் உள்ள மஞ்சள் நிறப் பொருள் உடம்புக்குள் போய் வைட்டமின் ஏ ஆக மாறி ஈரலில் சேர்கிறது என்பதை 1930-இல் நிறுவியவர், மேலே சொன்ன அதே மூர்தான். ஆக, ஈரல் ஒரு களஞ்சியம். அந்தக் களஞ்சியத்துக்குள் சாவி யார் கையில்?

இதற்கு விடை, கேள்வி பிறப்பதற்கு முன்பே ஒருவர் கண்ணில் பட்டிருந்தது. 1876-இல் ஜெர்மனியில், கோனிக்ஸ்பெர்க் சர்வகலாசாலையில் இருந்த கார்ல் வான் குப்ஃபர், ஈரலில் நரம்புகள் எப்படி ஓடுகின்றன என்று தேடிக்கொண்டிருந்தார். ஈரலின் மெல்லிய சீவல்களைத் தங்கக் குளோரைடில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவர் கையாண்ட முறை. நரம்பைத் தேடியவருக்கு நட்சத்திரங்கள் கிடைத்தன. மிக நுண்ணிய இரத்தக் குழாய்களை ஒட்டி, வெளிப்புறத்தில், கை கால்களை நீட்டிக்கொண்டு கருநிற உயிரணுக்கள் உட்கார்ந்திருந்தன. பேராசிரியர் வால்டையருக்குக் கடிதம் எழுதி இதைத் தெரிவித்தார். நட்சத்திர அணுக்கள் என்று பெயரும் வைத்தார்.

இதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. இருபத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு, 1898-இல், அவரே தம் வார்த்தையை மாற்றிக்கொண்டார். இரத்தத்தில் வரும் அந்நியத் துகள்களை விழுங்கும் உயிரணுக்கள் ஈரலின் குழாய்ச் சுவரில் இருப்பதைக் கண்டவர், தாம் முன்பு பார்த்த நட்சத்திரங்களும் இவையேதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. புகழ் பெற்ற பெரியவர். அவரை யார் மறுப்பார்கள்? விழுங்கும் அணுக்களுக்கு 'குப்ஃபர் அணுக்கள்' என்ற பெயர் நிலைத்தது. நட்சத்திரம் பெயரை இழந்து, முகவரியையும் இழந்து, புத்தகங்களிலிருந்து மறைந்தது.

எனக்கு இந்த இடத்தில் குப்ஃபர் மீது கோபம் வருவதில்லை, இரக்கந்தான் வருகிறது. தவறு என்று தோன்றினால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது விஞ்ஞானியின் தர்மம். அந்த தர்மத்தை அவர் அனுஷ்டித்தார். திருத்திய இடம் மாத்திரம், திருத்த வேண்டாத இடமாகப் போயிற்று.

1950-களின் தொடக்கத்தில் ஜப்பானில் டோஷியோ இட்டோ மனித ஈரலில் கொழுப்புத் துளிகளைச் சுமந்த ஓர் உயிரணுவைக் கண்டு எழுதினார். அதை 'இட்டோ அணு' என்றார்கள். பழைய நாயகன் புதுப் பெயரில் ஊருக்குள் வந்துவிட்டான். அடையாளம் கண்டவர் இல்லை. கடைசி அத்தியாயத்துக் கிழவியின் வேலையைச் செய்தவர் கென்ஜிரோ வாக்கே என்ற மற்றொரு ஜப்பானியர். 1971-இல் அவர் குப்ஃபரின் பழைய தங்க முறையைத் திரும்பவும் செய்து பார்த்தார். வைட்டமின் ஏ-யின் மேல் புற ஊதாக் கதிர் பட்டால் அது சற்று நேரம் ஒளிவிட்டு மங்கும். தங்கம் கறுத்துக் காட்டிய அணுக்களே அந்த ஒளியையும் காட்டின. குப்ஃபரின் நட்சத்திரமும் இட்டோவின் அணுவும் ஒன்று. அது சுமந்த கொழுப்பில் இருந்தது வைட்டமின் ஏ. விழுங்கும் அணுக்கள் வேறு. குப்ஃபரின் முதல் கடிதமே சரி. அவர் இறந்து 69 வருஷங்கள் ஆகியிருந்தன.

உடம்பிலுள்ள வைட்டமின் ஏ-யில் பாதிக்கு மேல் இந்த நட்சத்திரங்களின் பொறுப்பில் இருக்கிறது. நம் நாட்டுக் குழந்தைகளுக்கு இதில் நேரான சம்பந்தம் உண்டு. இந்தச் சத்து இல்லாமல் தென்னிந்தியக் குழந்தைகளின் கருவிழி அழிந்து பார்வை போவதைக் குன்னூர் போஷாக்கு ஆராய்ச்சிக்கூடத்தார் கவனித்தார்கள். செம்பனை எண்ணெயைக் கொடுத்துக் குணப்படுத்த முயன்றதைப் பற்றி 1937-இல் அய்க்ராய்டும் ரைட்டும் எழுதினார்கள். 1970-இல் இந்திய சர்க்கார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் வைட்டமினை ஒரே வேளையாகக் குழந்தைக்குப் புகட்டும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு வாய் மருந்து ஆறு மாதத்துக்கு எப்படிப் போதும்? ஈரல் அதை வாங்கி வைத்துக்கொண்டு சிறுகச் சிறுகக் கொடுப்பதால்தான். எந்த அணு வாங்கி வைக்கிறது என்பது துலங்குவதற்கு ஒரு வருஷம் முன்பே அதை நம்பிக் குழந்தைகளின் கண்களை ஒப்படைத்திருந்தோம்!

நல்லவனாகவே இருந்தால் நாயகன் சலித்துப் போவான் அல்லவா? குடியாலோ, மஞ்சள் காமாலைக் கிருமியாலோ ஈரல் திரும்பத் திரும்ப அடிபட்டால், இந்த நட்சத்திரம் தன் வைட்டமினை எல்லாம் உதறிவிட்டு உருவம் மாறுகிறது. நார் நாராகத் தழும்புப் பொருளை நெய்யத் தொடங்குகிறது. அந்த நாரை உற்பத்தி செய்வதில் இதற்கே முக்கியப் பங்கு என்று 1985-இல் அமெரிக்காவில் ஃபிரீட்மன் குழுவினர் காட்டினார்கள். ஈரல் இறுகிச் சிறுத்துப் போவதற்கு அது வழி. வைட்டமின் மாத்திரைகளை வருஷக்கணக்கில் அளவு மீறி விழுங்கினாலும் இதே இறுக்கம் வரலாம். வெண்கரடி டச்சுக்காரர்களுக்குச் சொன்ன பாடம் மருந்துக் கடை வரையில் செல்லும்.

இறுகிய ஈரலில் புற்று முளைப்பது அதிகம். அதை அறுத்து எடுத்தாலும், மிச்சமுள்ள ஈரலில் இன்னொன்று முளைக்கிறது. இங்கே 'ஸ்டெம் செல்' வருகிறது. இன்னதாக ஆவது என்று முடிவு செய்யாத, குருத்து நிலையிலுள்ள அணு அது. ஈரலின் சாதாரண அணுக்கள் தாமே பெருகிக் காயத்தை ஆற்ற முடியாதபோது, இம்மாதிரிக் குருத்துகள் விழித்துக்கொள்கின்றன. நெறி கெட்ட குருத்தோ புற்றுக்கு வித்தாகிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து பிறக்கும் அமிலம், அணுவின் உட்கருவுக்குள் போய், "விளையாடியது போதும், பெரியவனாகு" என்று குருத்துக்குச் சொல்ல வல்லது. அந்தச் சொல்லைக் கேட்டுக்கொள்ளும் காது 1987-இல் கண்டறியப்பட்டது. மறு வருஷமே ஷாங்காயிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு வகை இரத்தப் புற்றுநோய் கண்ட 24 பேருக்கு இந்த அமிலத்தைக் கொடுத்ததில், 23 பேருக்கு அது ஒன்றினாலேயே நோய் அடங்கிற்று. அங்கே புற்றணுக்கள் முதிர்ச்சி அடைந்தன.

ஜப்பானில் கிஃபு சர்வகலாசாலையைச் சேர்ந்த முட்டோவும் அவர் சகாக்களும் ஈரலுக்கு இதையே எண்ணினார்கள். ஏ வைட்டமினைப் போன்றே, ஆனால் அதன் வளையம் இல்லாமல் சங்கிலியாக அமைந்த ஒரு பொருளை, ஈரல் புற்று நீக்கப்பட்டவர்களுக்கு ஒரு வருஷம் கொடுத்தார்கள். 1996-இல் முடிவு வெளியாயிற்று: மருந்து சாப்பிட்ட 44 பேரில் 12 பேருக்கு நோய் திரும்பியது அல்லது புதிதாக வந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்ட 45 பேரில் 22 பேருக்கு. அதே 1996-இல் உலக ஆராய்ச்சியாளர்கள் கூடி, ஈரலின் அந்த அணுவை இனி நட்சத்திர அணு என்றே அழைப்பது என்று ஒப்புக்கொண்டார்கள்.

சுபமங்களம் பாடி முடித்திருக்கலாம். ஆனால் 401 பேரிடம் செய்த பெரிய சோதனையின் முடிவு 2015-இல் வந்தபோது, மருந்தின் மேன்மை ஐயமற நிலைநாட்டப்படவில்லை. 2018-இல் ஜப்பானின் ரிக்கென் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பொருள் ஈரல் புற்றின் ஒரு வகைக் குருத்து அணுக்களையே குறிப்பாகத் தாக்குவதாகக் காட்டினார்கள். அப்படியானால் எல்லோருக்கும் ஒரே மருந்தாகக் கொடுக்காமல், அந்தக் குருத்து உள்ளவர்களைத் தேர்ந்து கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆகிறது.

இன்றைக்கும் வைத்திய மாணவர்கள் விழுங்கும் அணுவைக் 'குப்ஃபர் அணு' என்றே படிக்கிறார்கள். அவர் முதலில் கண்டதற்கு அவர் பெயர் இல்லை. அவர் பெயர் உள்ளது, அவர் குழம்பிய இடத்தில் இருக்கிறது. நாவலாக இருந்தால் நான் இதை மாற்றி எழுதியிருப்பேன். சரித்திரத்தில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை.