அன்னகூடம்: நன்றி சென்று சேருமிடம்

தீபாவளிக்கு மறுநாளான கார்த்திகை சுக்ல பிரதமையில் விரஜபூமியிலும் ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் அன்னகூட உத்ஸவம் நடைபெறுகிறது. கார்காலப் பயிரின் விளைவு வீடு சேரும் காலம் அது. அன்னத்தை மலைபோல் குவித்து எம்பெருமானுக்கு அமுது செய்விப்பதால் இப்பெயர் உண்டாயிற்று. இவ்விழாவின் மூலம் ஆயர்பாடியில் கண்ணன் நிகழ்த்திய ஒரு மாற்றம்.

ஆயர்கள் ஆண்டுதோறும் இந்திரனுக்கு வேள்வி செய்துவந்தனர். மேகங்களுக்கு அதிபதி இந்திரன். மழையால் பயிரும், பயிரால் வாழ்வும் உண்டாகின்றன என்பது நந்தகோபர் கூறிய காரணம். ஆளவந்தார் புராணரத்னம் என்று கொண்டாடிய ஸ்ரீவிஷ்ணுபுராணம், ஐந்தாம் அம்சத்தில் கண்ணனின் மறுமொழியைக் காட்டுகிறது: அந்தணர்க்கு மந்திரவேள்வி, உழவர்க்கு ஏர்வேள்வி, மலையையும் காட்டையும் பற்றி வாழும் ஆயர்க்கு மலையும் ஆவுமே வேள்விக்குரியவை. நன்றி செலுத்துவதை அவன் விலக்கவில்லை. அது செல்லவேண்டிய திசையையே காட்டினான்.

ஸ்ரீபாகவதம் தசமஸ்கந்தம் 24ஆம் அத்தியாயம் அந்த அன்னத்தைப் பெறுவோரையும் வரையறுக்கிறது. அந்தணர்க்கு உணவு, பசுக்களுக்குப் புல், மலைக்குப் பலி என்பதோடு அது நிற்கவில்லை. நாய்கள், சமுதாயம் விலக்கிவைத்தோர், நெறியினின்று வீழ்ந்தோர் வரை அனைவர்க்கும் தகுந்தபடி அளிக்க வேண்டும் என்பது கண்ணனின் நியமனம். பின்னர் அவனே பேருருக்கொண்டு, தானே மலை என்று சொல்லி, இட்டவற்றை அமுது செய்தான். பகைத்து மழை பொழிந்த இந்திரனையும், ஏழு நாள் மலையேந்தி நின்றபின், தன் பதவியில் அடங்கி நிற்குமாறு பணித்து அனுப்பினான். ஆதலின் தேவதைக்கு அதிகாரம் உண்டு. நன்றிக்கு இலக்கு, அவ்வதிகாரத்தை அளித்தவனே.

பெரியாழ்வார் இந்நிகழ்ச்சிக்கு ஒரு திருமொழி முழுவதையும் (3-5) அர்ப்பணித்திருக்கிறார். அதன் தொடக்கமே குவித்த சோற்றை எம்பெருமான் அமுது செய்ததுதான். மலையெடுத்த வீரத்திற்கு முன்னே ஆயர் இட்டதை விரும்பி உண்ட எளிமையை ஆழ்வார் வைத்தது நோக்கத்தக்கது. பெரியவாச்சான் பிள்ளையின் உரையில் பெரும்பகுதி மறைந்தபோது, அக்குறை தீர இப்பகுதிக்கும் வியாக்கியானம் அருளிச்செய்தவர் மணவாள மாமுனிகள்.

கோவர்த்தனத்தில் வல்லபாசாரியர் (1479–1531) மரபினர் ஆராதித்த ஸ்ரீநாதன், 1672இல் மேவார் நாட்டில் எழுந்தருளப்பெற்றார்; அவ்வூரே நாததுவாரம் ஆயிற்று. அங்கு அன்னகூட இரவில் குவிசோற்றை அள்ளிச் செல்லும் உரிமை பீல் பழங்குடியினர்க்கு உண்டு. மலையையும் காட்டையும் பற்றி வாழ்வோரின் வேள்வியாகத் தொடங்கிய விழா, அங்ஙனம் வாழ்ந்த மக்களிடமே பிரசாதமாகத் திரும்புகிறது.

அன்னத்தின் உயரத்தையும் பண்டங்களின் எண்ணிக்கையையும் கொண்டே இவ்விழாவை அளவிடும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. புராணம் தரும் அளவுகோல் வேறு. பசுவுக்குப் புல்லும் கடையர்க்குச் சோறும் சென்று சேர்ந்த பின்பே அவ்வேள்வி நிறைவுபெறுகிறது.