அடகுக்கடைக்காரரின் கதை ஊர் சுற்றிய விதம்

பம்பாயில், திலக் நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில், செம்பூரில், ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டூடியோ இருந்தது. அங்கே உருவான ‘ஆவாரா’ 1954-ல் சோவியத் நாட்டுக்குப் போய் வீடு வீடாகப் பாட்டுப் பாடிய கதை எங்கள் பக்கத்துக் கிழவர்களுக்குக்கூட மனப்பாடம். எதிர்த்திசையில், ரஷ்யாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு கதை வந்து இறங்கியதை அநேகமாக யாரும் கவனிக்கவில்லை. வழியில் அது பாரீஸில் தங்கியது. பம்பாயை விட்டபின் இலங்கையின் மலையகத்துக்குப் போனது. சென்னையில் மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

1876-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மரியா போரிசோவா என்ற தையல்காரப் பெண் வறுமை தாங்காமல் மேல்மாடியிலிருந்து விழுந்து இறந்தாள். கையில் அன்னை மரியாளின் திருவுருவப் படம் இருந்தது. தஸ்தயெவ்ஸ்கி அப்போது ‘எழுத்தாளனின் நாட்குறிப்பு’ என்ற மாத இதழைத் தனியாளாக நடத்திக்கொண்டிருந்தார். அக்டோபர் இதழில் அவளைப் பற்றி எழுதியும் மனசு ஆறவில்லை. நவம்பர் இதழ் முழுவதையும் ஒரே கதைக்குக் கொடுத்தார். அதன் தலைப்பைத் தமிழில் ‘சாதுவான பெண்’ என்று சொல்லலாம்.

கதையில் பேசுவது அவளல்ல, அவளுடைய கணவன். நாற்பத்தொரு வயது அடகுக்கடைக்காரன். பதினாறு நிரம்பாத அநாதைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவளை மௌனத்தாலேயே அடக்கி வளர்க்கப் பார்த்தவன். ஒரு காலத்தில் ராணுவ அதிகாரி. துவந்த யுத்தத்துக்கு நிற்காமல் ஒதுங்கியதால் வெளியேற நேர்ந்தது. அந்த அவமானத்தை உள்ளே வைத்துக்கொண்டு வட்டிக் கணக்குப் பார்க்கிறான். ஒருநாள் அவன் தூங்குவதுபோல் கிடக்க, அவள் அவன் நெற்றிப்பொட்டில் துப்பாக்கியை வைக்கிறாள், சுடவில்லை. இன்னொரு நாள் அவன் வீட்டில் இருக்கும்போதே, இல்லாதவன்போல் பாவித்து மெல்லப் பாடுகிறாள். அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. காலில் விழுந்து அன்பைக் கொட்டுகிறான். அந்த அன்பே அவளுக்குத் தாங்க முடியாததாகிவிடுகிறது. மரியாவைப்போல அவளும் மேலிருந்து விழுந்து இறக்கிறாள். அவள் உடலை மேஜைமேல் கிடத்திவிட்டு, அறைக்குள் நடந்தபடி அவன் பேசுவதுதான் முழுக் கதையும். அழுகை என்று ஆரம்பித்து, நடுநடுவே தன்பக்க நியாயத்தை ஒப்பிக்கிறான். துக்கத்துக்குள் இவ்வளவு வக்கீல்தனம் இருக்கும் என்று காட்டிய எழுத்து எனக்குத் தெரிந்து குறைவு.

அடகுக்கடை தஸ்தயெவ்ஸ்கிக்குப் புதிதல்ல. 1867-ல் பாடன் பாடனில் சூதாடித் தோற்று, மனைவி அன்னாவின் நகைகளைக் கொண்டுபோய் வைத்தவர்தான்.

1969-ல் ராபர்ட் பிரெஸ்ஸோன் இந்தக் கதையைத் தற்காலப் பாரீஸில் வைத்துப் படமாக்கினார். அவருடைய முதல் வண்ணப்படம். நடிகை தொமினிக் சாந்தாவுக்கு முதல் படமே அதுதான். பிரெஸ்ஸோனைக் குருவாகக் கொண்டாடிய மணி கௌல் 1990 வாக்கில் ‘நஸர்’ எடுத்தார். அடகுக்கடைக்காரர் இங்கே பழம்பொருள் வியாபாரி. நடித்தவர் ‘மிஸ்டர் இந்தியா’ எடுத்த சேகர் கபூர். மனைவி, மணி கௌலின் மகள் ஷாம்பவி. இடம் பம்பாயின் உயரமான ஓர் அடுக்குமாடி. திலக் நகரின் பழைய ம்ஹாடா (அரசு வீட்டுவசதி வாரிய) கட்டிடங்களில் இந்தக் கதை நடந்திருக்க முடியாது என்று படம் பார்க்கும்போது நினைத்துக்கொண்டேன். அங்கே ஜன்னலென்றால் வெளியே நீட்டிய கம்பிக்கூண்டு, அதில் துளசித் தொட்டி, காயும் துணி. பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது வரைக்கும் தெரியும். இந்தக் கணவன் மனைவிக்கு வேண்டிய தனிமையை டவர்கள்தான் தர முடியும். படம் அழகு, ஆனால் உறைந்துபோன அழகு. கணவனின் குரலுக்கு வெளியே அவள் யாரென்று அதிலும் தெரியவில்லை.

அதைத் தெரியவைத்தவர் இலங்கை இயக்குநர் பிரசன்ன விதானகே. துக்கம் அவருக்குப் பழகிய பொருள். போரில் இறந்ததாகச் சொல்லி அனுப்பப்பட்ட மகனின் சாவை நம்ப மறுக்கும் பார்வையற்ற தகப்பனைப் பற்றி 1997-ல் அவர் எடுத்த ‘புர ஹந்த களுவர’ இலங்கையில் தடை செய்யப்பட்டது. உச்ச நீதிமன்றம் போய்த்தான் மீண்டது. 2012-ல் ‘ஒப நெதுவ ஒப எக்க’ வந்தது. மலையகத்தில் சரத்சிறி என்ற சிங்கள அடகுக்கடைக்காரர். நகை வைக்க வருகிறாள் செல்வி, போரில் சகோதரர்களைப் பறிகொடுத்த வடக்குத் தமிழ்ப் பெண். கல்யாணமாகிறது. பழைய தோழன் ஒருவன் வந்துபோன பிறகுதான், கணவர் முன்னாள் ராணுவ வீரர் என்று அவளுக்குத் தெரிகிறது. வன்முறைக்குப் பலியான ஒரு தமிழ்ப் பெண்ணின் வழக்கில் சக வீரர்களைக் காப்பாற்ற அவர் பொய் சொன்னதும் வெளிவருகிறது.

தஸ்தயெவ்ஸ்கியின் பெண் கணவன் வீட்டுக்கு வறுமையைத்தான் கொண்டுவந்தாள். செல்வி தன் சாவுகளையும் கூடவே கொண்டுவருகிறாள். அவள் துக்கம் முந்தியது. அவர் துக்கம் பிந்தியது. பிந்தியவர் மன்னிப்புக் கேட்டு முந்தியவளைத் தேற்ற முடியுமா? கடையை விற்று அவளை இந்தியாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சரத்சிறி சொல்லும்போது அவர் மேல் கோபமே வரவில்லை, அதுதான் படத்தின் கெட்டிக்காரத்தனம். அவள் பக்கம் திரும்பியதும் நமக்கே வெட்கமாகிவிடுகிறது.

செல்வியாக நடித்தது நாசிக்கில் பிறந்த மராத்திப் பெண் அஞ்சலி பாட்டீல். அவர் தமிழ் பேசும்போது காது கொஞ்சம் சோதிக்கப் பார்க்கிறது. பேசாத இடங்களில் அவர் முகத்தைச் சந்தேகிக்க வழியில்லை. அந்த ஆண்டு கோவா திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளி மயில் அவருக்குக் கிடைத்தது. படத்தொகுப்பு ஸ்ரீகர் பிரசாத், ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்துக்குத் தேசிய விருது வாங்கியவர்.

2014 ஜூனில் பி.வி.ஆர். திரையரங்கு நிறுவனம் இந்திய நகரங்களில் படத்தை வெளியிட்டது. சென்னையில் மிரட்டல் அழைப்புகள் வந்து காட்சிகள் நின்றன. சிங்களர் எடுத்த படம், அது போதுமாக இருந்தது. விதானகே தமிழ் ரசிகர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஒரு சிப்பாயின் மனசாட்சியை நடுவில் நிறுத்தி, பாதிக்கப்பட்டவளை அதைச் சுற்றிவர வைக்கலாமா என்று கேட்டிருந்தால் நல்ல சண்டை நடந்திருக்கும். அந்தக் கேள்விக்குப் படமே இடம் கொடுக்கிறது. அதைக் கேட்பதற்குப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் எரிச்சல் அது என்பது புரிகிறது. ஆனாலும், செல்வியை உடனே அடையாளம் கண்டிருக்கக்கூடிய ஊர் அவளைப் பார்க்காமலே அனுப்பிவிட்டது.

விதானகே பிறகு ‘பாரடைஸ்’ எடுத்தார். 2023-ல் புசான் விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்றது. படத்தை வழங்கியது சென்னையின் மெட்ராஸ் டாக்கீஸ். படத்தொகுப்பு மறுபடி ஸ்ரீகர் பிரசாத். இதிலும் மலையகம், கணவன் மனைவி, துப்பாக்கி. அவர்களின் சொந்த ஊர் மட்டும் வேறு, இருவரும் கேரளத்திலிருந்து சுற்றுலா வந்தவர்கள். இந்த முறை மனைவி கணவன் முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசுகிறாள்.