நதி இருந்தும் தாகம்

எகிப்து என்றதும் எல்லோருக்கும் நைல் நதிதான் ஞாபகம் வரும். எனக்கோ, அதன் மேற்குக் கரைக்கு அப்பால் பாலைவனப் பள்ளத்தாக்கில் கிடந்த டெய்ர் எல் மெதினா என்ற சிற்றூரே நினைவில் நிற்கிறது. அரசர்களுக்குக் கல்லறை குடைந்த கைவினைஞர்களின் ஊர் அது. அங்கே கிணறு கிடையாது. அரசாங்கத்து ஆட்கள் கழுதைகளின் மேல் ஏற்றிக்கொண்டு வந்த தண்ணீர்தான் குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாம். ஊருக்கு வடக்கே சுமார் 50 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பெரும் பள்ளம் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள், ஊற்று அகப்படவில்லை.

மூன்றாம் ராம்சேஸ் பட்டத்துக்கு வந்த 29-ஆம் ஆண்டில், கூலித் தானியம் வராமற் போகவே, இவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அதிகாரிகளிடம் பசியை மட்டுமல்ல, தாகத்தையும் சொல்லி முறையிட்டார்கள்.

செத்த மன்னனுக்கு மலையைக் குடைந்து மாளிகை கட்டியவன், உயிரோடிருக்கும் தன் குழந்தைக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டிக் கழுதையின் வரவைப் பார்த்துக் காத்திருந்தான்!