உள்ளே ஓடும் நாடகம்

வியன்னாவில் வசதியான, கட்டுப்பாடான ஒரு யூதக் குடும்பம். பெர்த்தா பாப்பன்ஹெய்ம் அந்த வீட்டுப் பெண். பள்ளிப் படிப்பு முடிந்ததும் வீட்டோடு இருத்திவிட்டார்கள். கை ஒரு வேலை செய்துகொண்டிருக்கும், மனம் கதை ஓட்டிக்கொண்டிருக்கும். கூப்பிட்டால் உடனே பதில் வந்துவிடுவதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தன் தனி நாடக அரங்கு என்று அதற்கு அவரே பெயர் வைத்திருந்தார். 1880இல் தந்தை படுத்த படுக்கையானார். பணிவிடை செய்த மகளும் கடுமையாக நோயுற்றார். வைத்தியம் பார்த்த ஜோசப் பிராயர், 1895இல் ஃபிராய்டுடன் சேர்ந்து வெளியிட்ட நூலில் 'அன்னா ஓ.' என்ற மாற்றுப்பெயரில் அவரைப் பற்றி எழுதினார். மருத்துவ உலகம் அதிலிருந்து, மனதில் இருப்பதைப் பேசவைத்தே ஆற்றும் பேச்சு வைத்தியத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. நாடக அரங்கைக் கண்டுகொள்ளவில்லை. ஒருவிதத்தில் நியாயம்தான், பகலில் கனவு காணாதவர் யார்?

அளவு மீறும் பகற்கனவுக்குத் தனிப்பெயர் கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் எலி சோமர், பழைய மனக்காயங்களோடு வருபவர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்தார். அவர்களில் ஆறு பேர் மணிக்கணக்கில் கற்பனையில் வாழ்ந்தார்கள். அங்கே அவர்கள் வலிமையானவர்கள், சிறையிலிருந்து தப்பிப்பவர்கள், யாரோ வந்து மீட்டுப்போகும் பேறு பெற்றவர்கள். நிஜத்தில் கிடைக்காத துணையும் ஆறுதலும் அங்கே கிடைத்தன. வலியிலிருந்து ஒதுங்க மனம் கட்டிக்கொண்ட இடம் அது என்று 2002இல் சோமர் எழுதினார். வாழ்க்கையை முடக்கும் பகற்கனவு என்ற பொருளில் 'மால்அடாப்டிவ் டேட்ரீமிங்' என்று பெயரும் வைத்தார்.

சக ஆய்வாளர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. இந்தத் தொல்லை உள்ளவர்கள்தான் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படி ஒருவரான ஜேன் பிகெல்சென், சிந்தியா ஷூபக்குடன் சேர்ந்து தன்னைப் போன்ற 90 பேரிடம் விசாரித்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அங்கேதான் சோமரின் கதை சிக்கலானது. அவர்களில் பெரும்பாலோர் சிறுவயதுக் கொடுமை எதையும் சொல்லவில்லை. ஆகவே பகற்கனவு காயத்துக்குப் போட்ட கட்டு மட்டுமல்ல. சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்த கற்பனைத் திறன் இது; துயரம் வரும்போது அதையே கேடயமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். துயரம் போன பிறகும் கேடயத்தைக் கீழே வைக்க முடியாமல் போவதுதான் நோய் என்று எனக்குத் தோன்றுகிறது.

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலையேறிப் புதூர்நாடு போகும் பஸ்ஸில், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கதாநாயகனாகிவிடும் இளைஞனுக்கு இந்தப் பெயர் பொருந்தாது. இறங்கியதும் அவன் கனவும் இறங்கிவிடும். நோயுள்ளவருக்கும் பாட்டுதான் பெரும்பாலும் தூண்டுகோல். ஆனால் அவர் கனவைத் தொடர்வதற்காகவே அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார், இடையில் யாராவது கூப்பிட்டால் எரிந்து விழுவார். இப்படிப்பட்டவற்றையே கேள்விகளாக்கி 2016இல் சோமர் குழு ஓர் அளவுகோலை உருவாக்கியது. கதையில் தன்னை இழந்தாலும் அது கதைதான் என்று நோயுள்ளவருக்குத் தெரியும். மனச்சிதைவிலிருந்து இதைப் பிரிப்பது அந்தத் தெளிவுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கு இன்னும் இடமில்லை. மருத்துவரிடம் போனால் மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவு என்று வேறொரு பெயரில்தான் சீட்டு எழுதப்படும். பல நேரங்களில் அவையும் கூடவே இருக்கும் என்பதால், எழுதியது தவறென்றும் சொல்ல முடியாது.