இருண்டிருந்த ஒரு மணி நேரம்

பிள்ளைகள் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கலாம் என்ற கேள்வி கைத்தொலைபேசியோடு பிறந்ததல்ல. பிரித்தானியாவில் 1957இன் தொடக்கம் வரை, மாலை 6 மணி முதல் 7 மணி வரை தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டிருந்தது. பெற்றோர் சிறுவர்களை உறங்கவைப்பதற்கென விடப்பட்ட இடைவெளி அது. பகலில் பி.பி.சி. வழங்கிய மழலையர் நிகழ்ச்சிகளுக்கு 1953இல் இடப்பட்ட பொதுப்பெயரோ 'தாயுடன் பாருங்கள்' என்பதாகும். பிள்ளையைத் திரையின் முன் தனியே விடலாகாது என்ற எண்ணம் அப்பெயரிலேயே இருந்தது.

1955இல் தொடங்கிய வர்த்தகத் தொலைக்காட்சிக்கு அந்த ஒரு மணி நேரம் விளம்பர வருமான இழப்பாயிற்று. 1957 பெப்ரவரியில் இடைவெளி ஒழிந்தது.

இன்று என் பேத்தியின் கையிலுள்ள திரைக்கு அப்படியொரு வேளை இல்லை. அணைப்பதும் அருகில் அமர்வதும் நம் பொறுப்பு. நேற்று அமர்ந்தேன். இத்தனை நாளும் அவள் எதைப் பார்த்தாள் என்பதையே நான் அறிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.