கோவை கண்ட அம்மை

கோயம்புத்தூரின் தென்வாசல் என்று சொல்லத்தக்க உக்கடம், நொய்யலாற்று நீரைத் தாங்கும் பெரியகுளத்தின் கரையில், பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் செல்லும் சாலைகள் பிரிகின்ற முனையில் அமைந்திருப்பதால், கணவாய் வழியே கொங்கு நாட்டுக்குள் வந்த வணிகரும் வண்டிக்காரரும் படைவீரரும் நடமாடிய பிரதேசமாக விளங்கியது. அதற்கு மிக அருகில்தான், மைசூர்ப் படையும் கும்பினிப் படையும் போட்டியிட்டுக் கைப்பற்றிய கோட்டை இருந்தது. இன்று அது கோட்டைமேடு என்னும் பெயரளவிலேயே எஞ்சி நிற்கிறது. ஜனங்கள் வந்து கூடுகின்ற ஊருக்கு அவர்களோடு நோயும் வந்து சேரும். அவ்விதம் வந்த நோய்களில் நம் முன்னோரை அதிகமாக நடுங்கச் செய்தது பெரியம்மை. அந்நோயை உண்டாக்கும் வைரஸ் மனித தேகத்தைத் தவிர வேறெந்தப் பிராணியிடத்தும் இயற்கையாக வாசம் செய்வதில்லை. ஆகையால் ஊர்விட்டு ஊர் செல்லும் மனிதனே அதற்கு வாகனமாக இருந்தான்.

அவிநாசிச் சாலையிலுள்ள தண்டு மாரியம்மன் கோயிலைப் பற்றி ஓர் ஐதிகம் வழங்குகிறது. திப்பு சுல்தானின் வீரர்கள் பாளையம் இறங்கியிருந்தபோது அம்மை கண்டு அவதியுற்றனர் என்றும், அம்பிகையின் தீர்த்தத்தாலும் வேப்பிலையாலும் சுகம் பெற்றனர் என்றும் அது கூறும். ஐதிகத்தை ஐதிகமாகவே ஏற்போம்; எனினும் நெருக்கமாகத் தங்கும் சேனையில் அம்மை பரவுவது பல தேசத்துச் சரித்திரங்களிலும் காணப்படுகின்ற சங்கதி.

மருந்தில்லாத அக்காலத்தில் கொங்கு மக்கள் கைக்கொண்ட ஆசாரங்களை ஆராய்ந்தால், பக்தியின் ஊடே நுட்பமான அனுபவ அறிவும் கலந்திருப்பது தெரியவரும். வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டுவிட்டால் வாசலில் வேப்பிலை செருகப்படும், அதைக் கண்ட அயலார் உள்ளே நுழையமாட்டார்கள், வீட்டாரும் பிறர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதில்லை, தாளிப்பு நிற்கும், கொப்புளங்கள் காய்ந்து பக்கு உதிரத் தொடங்கிய பின்னரே, மஞ்சளும் வேப்பிலையும் இட்ட தண்ணீர் தலைக்கு ஊற்றப்படும். தொற்று நீங்கும் காலம் வரை நோயாளியைத் தனியே வைக்க வேண்டும் என்று இன்றைய வைத்திய சாஸ்திரம் விதிப்பதை, அவர்கள் தெய்வத்தின் ஆணையாக அனுஷ்டித்தனர். பூச்சாட்டி, முக்கவர்க் கம்பம் நட்டு, பெண்கள் நாள்தோறும் அதற்கு நீர் ஊற்றி வழிபடும் மாரியம்மன் திருவிழாக்கள் பெரும்பாலும் கோடையை ஒட்டியே நடைபெறுகின்றன. பெரியம்மை உக்கிரம் கொள்ளும் பருவமும் அதுவே. கம்பம் நட்டபின் ஊரார் வெளியூரில் இராத் தங்கலாகாது என்னும் கட்டுப்பாடும் பல ஊர்களில் உண்டு.

ஆயினும் ஆசாரத்தால் நோயின் பரவலை ஓரளவு தடுக்க முடிந்ததேயன்றி, நோயை ஒழிக்க முடியவில்லை. 1796-இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் கண்டறிந்த மாட்டம்மைப் பால் 1802-இல் பம்பாய் வந்து சேர்ந்தது. ஒரு குழந்தையின் புயத்திலிருந்து எடுத்த பாலை மற்றொரு குழந்தையின் புயத்தில் குத்துவதே ஆதியில் வழக்கமாயிருந்தமையால், தெய்வக் குற்றத்துக்கு அஞ்சியவர்களும் ஜாதி ஆசாரத்தைப் பாராட்டியவர்களும் அம்மை குத்திக்கொள்ள மறுத்தனர். கன்றுக்குட்டியின் தோலில் பாலை விளைவிக்கும் முறை பரவியபின் அந்த இடையூறு பெரிதும் தணிந்தது. 1899-இல் சென்னை கிண்டியில் தோன்றிய கிங் நிலையம் இந்தப் பாலைத் தயாரித்து மாகாணமெங்கும் வழங்கியது. தடுப்பு பெறாத நோயாளிகளில் ஏறக்குறைய பத்துக்கு மூவரை மாய்த்த அக்கொடிய வியாதி, 1975-ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் நின்றது. 1980 மே 8-ஆம் நாள் உலக சுகாதார சபை அது பூமியைவிட்டே ஒழிந்ததென்று பிரகடனம் செய்தது.

அரக்கன் மாண்டபோதிலும் அவன் பெயரைப் பகிர்ந்துகொண்ட மற்றவை மாளவில்லை. சின்னம்மை, மணல்வாரி எனப்படும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி எனப்படும் புட்டாளம்மை ஆகிய யாவும் ஒரே அம்பிகையின் விளையாட்டென்று ஜனங்கள் எண்ணினர். உண்மையில் பெரியம்மையின் வைரஸ் ஒரு குடும்பம். சின்னம்மையினது வேறு குடும்பம். தட்டம்மையும் பொன்னுக்கு வீங்கியும் பிறிதொரு குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு தனித்தனி வைரஸ்களால் வருபவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைச் சூறையாடிய பிளேக்கோ வைரஸ் நோயே அன்று. எலியின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சி பரப்புகின்ற பாக்டீரியாவின் விளைவு அது. எனினும் அதற்கும் மக்கள் பிளேக் மாரியம்மன் என்று கோயில் எடுத்தனர். கோவையில் அக்கோயில்கள் இன்றும் வழிபாட்டில் உள்ளன. 2021-இல் இருகூரை அடுத்த காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவியின் சிலை பிரதிஷ்டை செய்யப்பட்டதும் இந்தப் பரம்பரையில் வந்ததேயாகும்.

பல நோய்களை ஒன்றாக்கிய அதே நாட்டு வழக்கம், ஒரு நோயை இரண்டாகவும் பிரித்தது என்பதுதான் இச்சரித்திரத்தின் விசித்திரமான பகுதி. சின்னம்மை கண்ட குழந்தையை மாரியம்மனிடம் ஒப்படைத்த குடும்பத்தார், வயோதிகருக்கு உடம்பின் ஒரு பக்கத்தில் வரிசையாகக் கொப்புளம் எழும்பி எரிந்தால் குயவர் வீட்டுக்கு அழைத்துச் சென்று, காவிக் குழம்பால் அக்கி எழுதச் செய்தார்கள். இவ்விரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று எவரும் கருதவில்லை. ஐரோப்பிய வைத்தியர்களும் வெகுகாலம் அவ்வாறே எண்ணியிருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அக்கி கண்டவர் இருந்த வீட்டுக் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதை ஹங்கேரி நாட்டு வைத்தியர் போக்கே கவனித்து எழுதினார். 1950-களில் அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் வெல்லர் இரண்டிலிருந்தும் வைரஸைப் பிரித்து வளர்த்து, இரண்டும் ஒன்றே என்று நிரூபித்தார். பாலியத்தில் சின்னம்மையாக வந்த வைரஸ் முற்றிலும் வெளியேறுவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, மூப்பினாலோ வேறு வியாதியினாலோ தேகபலம் குன்றும்போது விழித்தெழுந்து, அந்த நரம்பின் வழியே தோலுக்கு வந்து அக்கியாக வெளிப்படுகிறது.

சுகாதாரக் கல்வி பயிலும் மாணவர்கள் உக்கடத்தின் குறுகிய சந்துகளிலோ கொங்கு நாட்டுக் கிராமங்களிலோ பணிபுரியச் செல்லும்போது, வேப்பிலை செருகிய வாசலைக் காணக்கூடும். அந்த இலையைப் பரிகசிக்க வேண்டாம். அது சொல்லும் தனிமை விதி சரியானதே. ஆனால் உள்ளே படுத்திருப்பவர் கர்ப்பிணியா, பிறந்து சில நாளேயான சிசுவா, மூச்சுத் திணறுகிறாரா என்று விசாரியுங்கள்; அக்கி கண்ணருகே எழும்பியிருந்தால் அன்றே கண் வைத்தியரிடம் அனுப்புங்கள்; அம்மை கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்க வேண்டாமென்று தாயாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்; தட்டம்மைத் தடுப்பூசி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே போடப்படுகிறது என்பதையும் தெரிவியுங்கள். பெரியம்மையை ஒழித்தது வீடு வீடாகச் சென்று நோயாளியைக் கண்டுபிடித்து, சுற்றியிருந்தோருக்குத் தடுப்பளித்த ஊழியர்களின் உழைப்பே; எஞ்சிய அம்மைகளைக் கட்டுப்படுத்துவதும் அவ்வித உழைப்பாலேயே கைகூடும்.